பெருவிரல் மூட்டுத் தேய்மானம்: சுலபமா விரிக்கக்கூடிய பழைய பாணி மடக்குக் கத்தி எது?

கீரைப்பாத்தி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. இரண்டு கையிலயும் பெருவிரல் அடி மூட்டில தேய்மானம், வலது கையில கூட. நகமும் மெல்லிசாப் போனதால பேனாக்கத்தியின்ர நகப்பள்ளத்தில வைச்சு இழுத்தா நகம் மடங்குது, கத்தி விரியுதில்லை. நாங்கள் இருக்கிறது இங்கிலாந்தில, லெஸ்டரில. அவவுக்கு ஒரு அலாட்மென்ட் தோட்டம் (வாடகைக்கு எடுத்த துண்டு நிலம்) இருக்கு. கயிறு வெட்ட, கீரை அறுக்க, ஆப்பிளோ பேரிக்காயோ சீவ, வீட்டில பார்சல் பிரிக்க, இதுக்குத்தான் கத்தி. கைப்பையில எப்பவும் கிடக்க வேணும்.

மரப்பிடி, கொம்புப்பிடி மாதிரிப் பழைய பாணிதான் அவவுக்கு விருப்பம். கறுப்பு நிறத்தில ராணுவக் கத்தி மாதிரி இருந்தால் கையாலயும் தொடமாட்டா. 50 பவுணுக்குள்ள பாக்கிறம்.

கேள்விகள்: தட்டினவுடன ஸ்பிரிங்கில தானா விரியிற கத்தி இவவுக்குச் சரிவருமோ? ஒப்பினெல் எண்ட பிரெஞ்சு மரப்பிடிக் கத்தி நல்லது எண்டு கனபேர் சொல்லுகினம், மூட்டு நோ உள்ள கைக்கும் அது நல்லதோ? வேற என்ன வகை இருக்கு?

---

சாணைக்கல் எழுதியது:

முதல் கேள்விக்கு உடனே பதில்: வேண்டாம், வாங்கவே வாங்காதீங்க. பாதி திறந்ததும் ஸ்பிரிங் மீதியைத் தள்ளிவிடும் வகையும் இப்போது இங்கிலாந்தில் தடை செய்யப்பட்ட ஃப்ளிக் கத்திக் கணக்கில்தான் வருது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வரையறையை அகலப்படுத்திச்சு. 2021 ஜூலை 14 முதல் வீட்டுக்குள்ளே வைத்திருப்பதே குற்றம். மூட்டுவலிக்கு நல்லதுன்னு வெளிநாட்டுத் தளங்களில் இதைத்தான் முதலில் சிபாரிசு பண்ணுவாங்க. அதைப் பார்த்து ஆர்டர் போட்டுடாதீங்க.

கைப்பையில் காரணம் சொல்லாமல் வைத்திருக்க இரண்டு நிபந்தனை: மடங்கும் கத்தியா இருக்கணும், வெட்டும் வாய் 3 அங்குலத்தை, அதாவது 7.62 செ.மீயைத் தாண்டக் கூடாது. விரித்தபின் பூட்டிக்கொள்ளும் கத்தியை அங்கே நீதிமன்றம் மடக்குக் கத்தியாகவே ஏற்பதில்லை. ஆக உங்களுக்குப் பூட்டு இல்லாததுதான் வேணும். அதிர்ஷ்டவசமா பழைய பாணிக் கத்திகளில் பெரும்பாலானவை பூட்டு இல்லாதவைதான்.

இனி விஷயத்துக்கு வரேன். எல்லாரும் ஸ்பிரிங் லேசா இருக்கான்னுதான் கேக்குறாங்க. அதைவிட முக்கியம், அலகை எந்த இடத்தில் பிடித்து இழுக்கிறோம் என்பது. கைப்பிடியின் முதுகில் இருக்கும் ஸ்பிரிங் அலகின் அடிக்கட்டையை அழுத்திப் பிடிச்சிருக்கு. அதை மீறித் திருப்பணும். அச்சிலிருந்து 3 செ.மீ தள்ளி நகப்பள்ளம் இருந்து, அங்கே இழுக்க 3 கிலோ விசை வேணும்னு வைங்க. அதே கத்தியை அச்சிலிருந்து 5 செ.மீ தள்ளிப் பிடித்தால் 1.8 கிலோ போதும். 6 செ.மீ தள்ளினால் ஒன்றரை கிலோ. கதவைக் கீல் பக்கம் தள்ளுவதற்கும் கைப்பிடிப் பக்கம் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசமேதான்.

ஆனா நுனிப் பக்கம் பிடிக்கணும்னா பிடிக்க இடம் வேணும். மூடிய கத்தியில் அலகின் முதுகு சில மி.மீ தான் வெளியே தெரியும். இதற்காகவே இங்கிலாந்தில் கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்டுக்காரர்களும் அமெரிக்கர்களும் அந்தக் காலத்திலேயே ஒரு வழி செய்தாங்க. கைப்பிடியின் இரு பக்கமும், அலகின் நுனி வந்து படுக்கும் பக்கமாக, அரை நிலா வடிவில் ஒரு வெட்டு. அந்த இடத்தில் அலகின் இரு முகமும் நல்லா வெளியே தெரியும். நகமே வேண்டாம், விரல் சதையால் கிள்ளிப் பிடித்து இழுக்கலாம். ஈஸி ஓப்பன் என்று போட்டிருப்பாங்க. உங்க அம்மாவுக்குத் தேட வேண்டிய சொல் அதுதான். படத்தில் பார்க்கும்போது வெட்டு இரண்டு பக்கமும் இருக்கான்னு பாருங்க. ஒரு பக்கம் மட்டும் இருந்தா மற்ற விரல் கைப்பிடியில் இடிக்கும்.

வாங்கும் முன் அம்மாவின் கையை அளந்துடுங்க. பயணப் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசைக் கதவுக் கைப்பிடியில் கட்டுங்க. நுனியில் ஓட்டை உள்ள ஸ்டீல் அடிக்கோலை அதன் கொக்கியில் மாட்டுங்க. அடிக்கோலின் மறுமுனையைக் கத்தி அலகைக் கிள்ளுவது போலவே கிள்ளி, மெதுவா இழுக்கச் சொல்லுங்க. வலி தொடங்கும் வரை போகக் கூடாது, "இதுக்கு மேல வேண்டாம்" என்று தோன்றும் இடத்தில் நிறுத்தணும். இரண்டு கைக்கும் மூன்று மூன்று தடவை. அந்த எண்ணில் பாதிக்குள் விரியும் கத்தி என்றால் தினசரி சிரமமில்லாமல் புழங்கும்.

கத்தியை அளக்க: மூடிய அலகின் முதுகில், கிள்ளப்போகும் இடத்திலேயே சின்ன பைண்டர் கிளிப்பைக் கவ்வவிட்டு, தராசுக் கொக்கியை அதில் மாட்டி இழுங்க. அலகு அசையத் தொடங்கும்போது தெரியும் எண்தான் கணக்கு. கிளிப் வழுக்கினால் அலகு பட்டென்று மூடும், கைப்பிடியின் வாய்ப்பக்கம் விரல் இருக்கக் கூடாது. விற்பவரிடம் கேட்டால் 10க்கு 4, 10க்கு 6 என்று ஒரு இழுவை எண் சொல்வாங்க. அது அவரவர் கை உணர்வு. 10க்கு 7 என்பவரிடம் வாங்காதீங்க, அவ்வளவுதான் அதன் பயன்.

---

கைவைத்தியம் எழுதியது:

கை மறுவாழ்வுச் சிகிச்சைப் பக்கத்திலிருந்து சில விஷயம், அக்கா.

கட்டைவிரல் நுனியில் 1 கிலோ அழுத்திக் கிள்ளினால் அடி மூட்டில் ஏறக்குறைய 12 கிலோ அமுக்கம் விழும். அதனால் "கொஞ்சம் இறுக்கமான கத்திதான், பழகிடும்" என்பது இந்த மூட்டுக்குப் பொருந்தாத பேச்சு. கிள்ளும் விசையைக் குறைப்பதுதான் முழு வேலையும்.

இதில் ஒன்றைக் கவனிக்கணும். அலகை இழுக்கும் விசை வேற, அலகு வழுக்காமல் இருக்கக் கிள்ளும் விசை வேற. எண்ணெய் பட்ட வழவழப்பான அலகுன்னா 1 கிலோ இழுக்க அதைவிட அதிகமா கிள்ள வேண்டி வரும். சைக்கிள் ட்யூபிலிருந்து 2 செ.மீக்கு 4 செ.மீ துண்டு வெட்டி, அலகின் முதுகுமேல் மடித்துப் போட்டு, அதன்மேல் கிள்ளிப் பாருங்க. ரப்பர் பிடிச்சுக்கும், விரல் பாதி வேலைதான் செய்யும். துண்டின் மூலையில் ஓட்டை போட்டுக் கத்தி வளையத்திலேயே நூலில் கட்டிவிடலாம். நகப்பள்ளம் மட்டும் உள்ள கத்தின்னா நகத்துக்குப் பதில் கிதார் வாசிக்கும் பிளாஸ்டிக் பிக், 1 மி.மீ தடிப்புள்ளது, பள்ளத்தில் சரியா உட்காரும். காசு நாணயமும் வேலை செய்யும், ஆனா அலகைக் கீறும்.

பிடிக்கும் முறை: ஒரு கையின் விரல் சதையால் அலகைப் பிடிங்க. அந்தக் கையை வயிற்றோடு ஒட்டி அசையாமல் வைங்க. மற்றக் கையின் முழு உள்ளங்கையால் கைப்பிடியைப் பிடித்து, அதை அலகிலிருந்து விலக்குங்க. அலகை இழுக்காமல் பிடியை நகர்த்துறோம். வேலை தோளுக்கும் முழங்கைக்கும் போயிடும்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது மூடுவதைப் பற்றி. எல்லாக் கேள்வியும் திறப்பதைப் பற்றியே இருக்கு. வலுவில்லாத கைகள் வெட்டுப்படுவதோ மூடும்போதுதான். ஸ்பிரிங் உள்ள கத்தி ஒரு கட்டம் தாண்டியதும் தானாகவே பாய்ந்து மூடும். அப்போது பிடி வழுக்கி விரல் வாய்ப்பள்ளத்துக்குள் இருந்தால் ஆழமா வெட்டும். கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது பத்துத் தடவை திறக்கச் சொல்லாதீங்க, பத்துத் தடவை மூடச் சொல்லுங்க. பத்தாவது தடவையில் கை எப்படி இருக்குன்னு பாருங்க. முடிந்தால் காலையிலேயே. மூட்டு விறைப்பு அப்போதுதான் கூட. குளிர்காலத்தில் இன்னும் கூட.

---

பழைய_இரும்பு எழுதியது:

ஒவ்வொரு வகையாச் சொல்லிடுறேன்.

ஒப்பினெல்: 1890இல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் தொடங்கியது. அலகு மெல்லிசு, பழம் சீவ இதைவிடச் சுகமான கத்தி அரிது. ஆனால் 6ஆம் எண்ணிலிருந்து மேலே எல்லாவற்றிலும் 1955இல் வந்த பூட்டு வளையம் இருக்கு. அந்த வளையத்தைத் திருக வேண்டியது கட்டைவிரலால்தான், அதுவும் இந்த நோய்க்கு மிக மோசமான திருகல். பூட்டு இருப்பதால் கைப்பைக்கும் ஆகாது. இன்னொன்று, 2000ஆம் ஆண்டிலிருந்து வரும் வளையம் மூடிய நிலையிலும் பூட்டும். பைக்குள் உரசி வளையம் தானே திரும்பி, மரம்தான் ஊதிக்கிச்சு என்று நினைத்து அலகோடு மல்லுக்கட்டுபவர்கள் நிறைய. முதலில் வளையத்தின் வெட்டு அலகுக்கு நேரா இருக்கான்னு பாருங்க.

உங்களுக்கு ஒப்பினெல்தான் வேணும்னா 5ஆம் எண். அலகு 6 செ.மீ, வளையம் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. மரத்தின் பிடிமானம் மட்டும்தான். பீச் மரம் ஈரத்தில் ஊதும், அப்போ அலகு சிக்கும். சவோய்க்காரங்க பிடியின் பின்முனையை மேசையில் தட்டுவாங்க, அலகு உதறிக்கொண்டு கொஞ்சம் வெளியே வரும். 5ஆம் எண் அலகு சின்னது, கனம் குறைவு, தட்டினாலும் பெரிய கத்தி அளவுக்கு வராது. அதைவிட நல்ல வழி: உலோகத் தகடு இல்லாத வெறும் மரம் என்பதால் அரை நிலா வெட்டை நீங்களே போடலாம். 8 மி.மீ வட்ட அரம், நுனியிலிருந்து ஒன்றரை செ.மீ உள்ளே, இரண்டு பக்கமும். அரம் போடும்போது அலகு விரிந்தே இருக்கணும். ரெண்டு ரெண்டு மி.மீ ஆழம் அராவி, மூடி, பக்கவாட்டில் பாருங்க. கத்தியின் வாய் மரத்துக்குள்ளே குறைந்தது 4 மி.மீ புதைந்திருக்கணும். அதைத் தாண்டி அராவினால் மூடிய கத்தியே கையை வெட்டும். பிறகு 240 உப்புத்தாளை ஒரு ஐஸ் குச்சியில் சுற்றி அலகு படுக்கும் பள்ளத்தின் இரு சுவரையும் தேய்த்துவிட்டால் மழைக்காலச் சிக்கலும் குறையும்.

சோட்பஸ்டர் வகை: ஒரே அலகு, உருண்டையான தடித்த பிடி, விவசாயிகளுக்கென்று வந்த கத்தி. அமெரிக்காவில் கேஸ் நிறுவனத்தின் சோட் பஸ்டர் ஜூனியர் மூடிய நீளம் 3⅝ அங்குலம், அலகு 3 அங்குலத்துக்குள். மேலே சொன்ன ரப்பர் துண்டோடு கிள்ளித் திறக்கலாம். ஸ்பிரிங் நடுத்தரம், ஒவ்வொரு கத்திக்கும் கொஞ்சம் மாறும், அளந்து வாங்குங்க. பல அலகு உள்ளதை வாங்காதீங்க. ஒன்றைக் கிள்ளும்போது மற்றது விரலுக்கு இடைஞ்சல்.

லாகியோல், டூக்-டூக் என்னும் பிரெஞ்சுக் கத்திகள்: அழகுக்குக் குறைவில்லை. ஸ்பிரிங் ரொம்பக் கடினம். விட்டுடுங்க.

ஸ்விஸ் கத்திகளில் 84 மி.மீ வகை இழுவை மிதம்தான், ஆனா நகப்பள்ளம் சின்னது, கிள்ள இடமில்லை. கிதார் பிக்கோடுதான் சரிப்படும். ஒரு கையால் திறக்கும் நீள்வட்ட ஓட்டை உள்ள 111 மி.மீ கத்திகள் திறக்கச் சுலபம், பூட்டு இருப்பதால் உங்க ஊரில் கைப்பைக்கு ஆகாது.

இனி ஸ்பிரிங்கே இல்லாத கத்திகள். உங்க அம்மாவுக்கு என் முதல் தேர்வு இங்கேதான் இருக்கு. ஜப்பானில் மிகி நகரத்து ஹிகோனோகாமி: மடித்த பித்தளைத் தகடுதான் பிடி. அலகின் அடியிலிருந்து சிகிரி என்னும் சின்ன வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தள்ளினால் அலகு விரியும். குறை என்னன்னா, வெட்டும் நேரமெல்லாம் கட்டைவிரல் அந்த வாலை அழுத்திக்கொண்டே இருக்கணும். நியூசிலாந்தின் ஸ்வோர்ட் பெசன்ட் கத்தியில் வால் நீளம். கிட்டத்தட்ட பிடி அளவுக்கு. மூடியிருக்கும்போது அது பிடியின் முனையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளங்கையால் பிடித்தோ மேசை விளிம்பில் வைத்தோ அதைச் சுற்றித் தள்ளினால் போதும், விரல் நுனி தேவையே இல்லை. விரிந்ததும் வால் பிடியின் முதுகோடு வந்து படுத்துக்கும். கையை மூடிப் பிடித்தாலே அலகு விரிந்து நிற்கும். மரப்பிடியிலும் வருது. பெரியதன் அலகு 3 அங்குலத்தை ஒட்டியிருப்பதால் உங்களுக்குச் சின்ன அளவுதான் நிம்மதி. கார்பன் எஃகு, துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும்.

---

கீரைப்பாத்தி எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. அடிக்கோல் வைச்சு அளந்தம். இடது கை 1.4 கிலோ, வலது கை 900 கிராம். அப்ப இடது கையால அலகைப் பிடிக்கிறது, வலதால பிடியை விலத்திறது எண்டு வைச்சா 700 கிராமுக்குள்ள விரியிறது வேணும், சரியோ?

இரண்டு சந்தேகம். ஸ்பிரிங் இல்லாத கத்தி வெட்டிக்கொண்டு இருக்கேக்க விரலுக்கு மேல மடங்காதோ? மற்றது, பாதியில 90 பாகையில நிண்டு போற ஸ்பிரிங் கத்தி மூடேக்க பாதுகாப்பு எண்டு ஒரு இடத்தில வாசிச்சன். அது நல்லதோ?

---

சாணைக்கல் எழுதியது:

700 கிராம் கணக்கு சரி. நகப்பள்ளத்தில் இழுக்கும் ஸ்பிரிங் கத்திகளில் அது கிடைப்பது கஷ்டம். ஈஸி ஓப்பன் வெட்டு உள்ளதில், நுனிப்பக்கம் கிள்ளினால் கிடைக்கும். நீள்வால் கத்தியில் இந்தக் கணக்கே தேவைப்படாது.

மடங்குமா என்றால், வாய்ப்பக்கமா அழுத்தி வெட்டும்போது அலகு இன்னும் விரியும் திசையில்தான் தள்ளப்படுது, அதனால் மடங்காது. ஆபத்து இரண்டு இடத்தில்: குத்தித் துளைக்கும்போது, அப்புறம் ஏதாவது ஒன்றில் மாட்டிய அலகைப் பின்னுக்கு இழுக்கும்போது. பார்சல் டேப்பைக் குத்தித் திறக்க வேண்டாம், அலகின் அடிப்பாகத்தை டேப்பின் மடிப்பில் வைத்து இழுத்து வெட்டணும். வால் உள்ளங்கைக்குள் இருக்கும்வரை அலகு மடங்க இடமில்லை. கை தளர்ந்தால்தான் பிரச்சினை. அச்சில் திருகாணி இருப்பதால் இறுக்கத்தை மாற்றலாம். கத்தியை விரித்துத் தலைகீழாகப் பிடித்து லேசா ஆட்டினால் அலகு தானா விழக் கூடாது, வாலைத் தள்ளினால் சத்தமில்லாமல் நகரணும். கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி அந்த நிலைக்குக் கொண்டுவாங்க. அதிகமா இறுக்கினால் மரப்பிடி நடுவில் கவ்வும், அப்போது அலகு ஒரு பக்கம் சாய்ந்து உரசும்.

பாதி நிறுத்தத்தில் எனக்கு உடன்பாடில்லை. நிறுத்தம் உள்ள கத்தியில் மேட்டை இரண்டு தடவை ஏறணும், திறக்க இரண்டு, மூட இரண்டு. 900 கிராம் கைக்கு அது இரட்டைச் செலவு.

---

கைவைத்தியம் எழுதியது:

இங்கே நான் சாணைக்கல் அண்ணாவோடு வேறுபடுறேன். திறப்பதற்கு இரட்டைச் செலவுதான், ஒத்துக்கிறேன். ஆனா மூடும்போது 90 பாகையில் கத்தி அப்படியே நிற்பதால், பிடியை மாற்றி எல்லா விரலையும் பள்ளத்திலிருந்து எடுக்க நேரம் கிடைக்குது. பிடியைப் பக்கவாட்டில் மட்டும் பிடித்து, அலகின் முதுகை மேசையின் மர விளிம்பில் வைத்துப் பிடியைக் கீழே அமுக்கினால் உடம்பு எடையே மூடிவிடும், விரலுக்கு வேலையில்லை. நடுக்கமோ மரத்துப்போதலோ உள்ள கைன்னா நான் நிறுத்தம் உள்ளதையே சொல்வேன். உங்க அம்மாவுக்கு வலி மட்டும்தான், உணர்வு சரியா இருக்குன்னா, ஸ்பிரிங் இல்லாததே போதும். அது பாய்ந்து மூடாது, தள்ளும் வேகத்தில்தான் மூடும்.

பிடி மெல்லிசா இருந்தா கையை இறுக்கி மூட வேண்டி வரும். பின்புறம் பசை உள்ள ரப்பர்ப் பட்டையை ஒட்டித் தடிப்பாக்கலாம். அலகு மடங்கும் பள்ளத்தை மூடாமல் இரண்டு பக்கமும் தனித்தனியா ஒட்டுங்க.

---

பழைய_இரும்பு எழுதியது:

வாங்கினப்புறம் ஒரு விஷயம். நம்ம ஆளுங்க எல்லாரும் செய்வது, கத்தி இறுகினதும் அச்சில் தேங்காயெண்ணெய் விடுவது. இங்கிலாந்துக் குளிரில் வேண்டவே வேண்டாம். 24 பாகை செல்சியஸுக்குக் கீழே அது உறையும், காலையில் கத்தி பசை போட்ட மாதிரி இருக்கும். நல்லெண்ணெய் உறையாது, ஆனா நாள்பட்டால் பிசினாகும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாராஃபின் ஒரு சொட்டு போதும், பழத்தில் பட்டாலும் பயமில்லை.

அதற்கு முன்னால் அழுக்கை எடுக்கணும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ரெண்டு சொட்டு விட்டு, அச்சுப் பக்கத்தை மட்டும் நனைத்து, பத்துப் பதினைந்து தடவை திறந்து மூடி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, முழுசா உலரவிட்டு, பிறகு எண்ணெய். ஆப்பிள் சாறும் தோட்டத்து மண்ணும் சேர்ந்து காய்ந்தால் லேசான கத்தியும் இறுகும். பலாப்பழம் நறுக்கினால் மட்டும் முறை வேறு. அந்தப் பால் சோப்புக்கு மசியாது, அப்போ தேங்காயெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்பு.

புதுக் கத்தி முதல் வாரம் கொஞ்சம் இறுக்கமா இருக்கும். அம்மா கையில் கொடுக்கும் முன் எண்ணெய் விட்டு நீங்க ஒரு ஐம்பது தடவை திறந்து மூடுங்க, உள்ளே உள்ள பிசிறு தேயும். ஸ்பிரிங்கை அராவி மெல்லிசாக்கலாமான்னு சிலர் கேப்பாங்க. தடிப்பை 10% குறைத்தால் விறைப்பு ஏறத்தாழ 27% குறையும், கணக்கு சரிதான். ஆனா அடித்து இறுக்கிய ஆணிகளைப் பிரிக்காமல் அதைச் செய்ய முடியாது. வீட்டில் தொடாதீங்க.

கூர் மழுங்கினால் வெட்டும்போது கை அழுத்தும், திறப்பதில் மிச்சம் பிடித்த வலி அங்கே போயிடும். மாதம் ஒரு தடவை 1000 எண் கல்லில் நீங்களே தீட்டிக் கொடுங்க, பக்கத்துக்கு 15லிருந்து 20 பாகைச் சாய்வு. செய்தித்தாள் ஒரு தாளை ஒரு கையில் தொங்கவிட்டு, மேல் விளிம்பில் அலகை வைத்து இழுங்க. கிழியாமல் வெட்டிக்கொண்டு இறங்கினால் அம்மா கையில் கொடுக்கலாம்.